ஆண்டின் சிறந்த மெட்டல் ஆல்பங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

டிசம்பர் பிறந்ததும் ஹெவி மெட்டல் ரசிகர்களிடையே ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். அந்த ஆண்டில் தங்களுக்குப் பிடித்த பத்து ஆல்பங்கள் எவை என்று ஒவ்வொருவரும் எழுதத் தொடங்குவார்கள். நானும் பல ஆண்டுகளாக எழுதிவருகிறேன். தொடக்க காலத்துப் பட்டியல்களை இப்போது எடுத்துப் பார்த்தால் சற்றுச் சங்கடமாகவே இருக்கிறது. அவற்றில் இருக்கும் ஆல்பங்களில் பாதிக்கு மேல் நான் அதற்குப் பிறகு ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ரசனை மாறிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் நடந்தது வேறு. டிசம்பரில் ஏதோ ஒரு மாலையில் உட்கார்ந்து, நினைவின் மேற்பரப்பில் மிதந்தவற்றை அள்ளியெடுத்து, ஒன்று முதல் பத்து வரை எண் போட்டு அடுக்கிவிட்டேன்.

ஆண்டு முழுவதும் கேட்டதன் கணக்கைத் தேதியோடு வைத்திருந்து, எந்த ஆல்பத்திடம் யாரும் சொல்லாமல் நாமாகத் திரும்பிப் போனோம் என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்திற்குப் பின்னர் மாறினேன். அப்படித் தயாரித்த பட்டியல்கள் எனக்கு இன்றும் பயன்படுகின்றன. அந்த முறையை, அதில் நான் சறுக்கிய இடங்களையும் சேர்த்து, இங்கே விளக்குகிறேன்.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது

முதலில் எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டும். இதை டிசம்பருக்குத் தள்ளிப்போட்டால், பிடித்த ஆல்பத்தைச் சேர்ப்பதற்காக விதியை வளைக்கத் தொடங்கிவிடுவோம். என் விதி எளிமையானது: அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை முதன்முறையாக வெளிவந்த, புதிய பாடல்களைக் கொண்ட முழு ஆல்பங்கள் மட்டுமே பட்டியலுக்கு வரும். நேரடி நிகழ்ச்சிப் பதிவுகள், பழைய பாடல்களின் மறுபதிவுகள், மறுவெளியீடுகள் ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு சிறு குறிப்பு போதும். ஈபி எனப்படும் சிறு தொகுப்புகளையும் தனியாகவே வைக்கிறேன்.

ஆனால் நீளத்தை மட்டும் வைத்து ஈபியையும் முழு ஆல்பத்தையும் பிரிக்கக் கூடாது. ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்' 1986இல் வெளிவந்தபோது பத்துப் பாடல்களும் சேர்ந்து 29 நிமிடங்களைத் தாண்டவில்லை. கேசட்டின் ஒரே பக்கத்தில் முழு ஆல்பமும் அடங்கிவிட்டதால் மறுபக்கத்திலும் அதையே பதிந்து விற்றார்கள். அதைச் சிறு தொகுப்பு என்று ஒதுக்க எந்த மெட்டல் ரசிகருக்கும் மனம் வராது. அதற்கு எதிர்முனையில் மெஷுகாவின் 'ஐ' என்ற 2004ஆம் ஆண்டு வெளியீடு இருபது நிமிடங்களுக்கும் மேல் ஓடும் ஒரே பாடல். அதை இசைக்குழுவே ஈபி என்றுதான் வெளியிட்டது. எனவே வெளியிட்டவர்கள் என்ன பெயர் கொடுத்தார்களோ அதையே ஏற்றுக்கொள்வது குழப்பத்தைக் குறைக்கும்.

ஆண்டைத் தீர்மானிப்பதிலும் சிக்கல் வரக்கூடும். ஸ்லீப் குழு 1990களின் நடுவில் பதிவு செய்த ஒரு மணி நேரத்திற்கும் மேலான ஒரே பாடல், 1999இல் 'ஜெருசலேம்' என்ற பெயரிலும், 2003இல் 'டோப்ஸ்மோக்கர்' என்ற பெயரில் நீண்ட வடிவிலும் வந்தது. அதை எந்த ஆண்டின் கணக்கில் எழுதுவது என்று கேட்டால், ரசிகர் கையில் முதலில் கிடைத்த ஆண்டு என்பேன். நீங்கள் வேறு விடை சொல்லலாம். சொன்ன விடையை எல்லா ஆல்பங்களுக்கும் ஒரேபோல் பொருத்த வேண்டும் என்பதுதான் முக்கியம்.

எது மெட்டல் என்ற கேள்வியும் இங்கேயே எழும். அமெரிக்க டெத் மெட்டல் குழுவான பிளட் இன்காண்டேஷன் 2022இல் 'டைம்வேவ் ஸீரோ' என்ற தொகுப்பை வெளியிட்டது. அதில் உறுமல் குரலோ முறுக்கேறிய கிட்டாரோ கிடையாது. பெரும்பாலும் சின்தசைசரால் ஆன மெல்லிய மிதப்பு இசை. குழு மெட்டல் குழு என்பதற்காக இந்தத் தொகுப்பை மெட்டல் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. ஓபெத்தின் 2003ஆம் ஆண்டு ஆல்பமான 'டேம்னேஷன்' பற்றியும் இதே வாதம் நடந்ததுண்டு. இசையைக் கேட்டு முடிவு செய்யுங்கள், குழுவின் பெயரைப் பார்த்து வேண்டாம்.

ஜனவரியிலேயே குறிப்பேட்டைத் திறந்துவிடுங்கள்

2015 ஜூலை 10 முதல் உலகெங்கும் புதிய இசை வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் வழக்கம் ஏற்பட்டது. மெட்டல் ரசிகருக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு, ஏனெனில் இந்த இசை வகைக்கே தொடக்கமாகக் கருதப்படும் பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்தது, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. வெளியீடுகள் ஒரே நாளில் வந்து குவிவதால் வாரத்திற்கு ஒருமுறை உட்கார்ந்து, கேட்க வேண்டியவற்றைக் குறித்துக்கொள்வது எளிது. எல்லாவற்றையும் கேட்டுவிட முயலாதீர்கள். வாரத்திற்கு இரண்டு ஆல்பங்களை ஒழுங்காகக் கேட்டாலே ஆண்டு முடிவில் நூறைத் தாண்டிவிடும். நூறு ஆல்பங்களை அரைகுறையாகக் கேட்டவரைவிட, நாற்பதை உள்வாங்கிக் கேட்டவருடைய பட்டியலையே நான் நம்புவேன்.

குறிப்பேட்டில் மதிப்பெண் போடும் பழக்கத்தை நான் கைவிட்டுவிட்டேன். பிப்ரவரியில் போட்ட எட்டரையும் அக்டோபரில் போட்ட எட்டரையும் ஒன்றல்ல. நடுவில் நம் அளவுகோலே நகர்ந்திருக்கும். அதற்குப் பதிலாக நான்கு செய்திகளை எழுதுகிறேன். கேட்ட தேதி, கேட்ட சூழல், நெஞ்சில் ஒட்டிய இடம், தொய்வடைந்த இடம். 2024இல் நான் எழுதிய ஒரு பதிவு இப்படி இருக்கிறது:

"அல்சரேட், முதல் முறை. இரவு, ஹெட்ஃபோன், வேறு வேலை இல்லை. இரண்டாம் பாடலுக்குப் பிறகு எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை. டிரம்ஸ் மட்டும் காதில் நிற்கிறது. மெல்லிசை இருப்பது போலிருக்கிறது, பிடிபடவில்லை. பத்து நாள் கழித்துப் பார்க்க வேண்டும்."

நியூசிலாந்தைச் சேர்ந்த மூவர் குழுவான அல்சரேட்டின் 'கட்டிங் த த்ரோட் ஆஃப் காட்' பற்றிய குறிப்பு அது. அன்று எண் போட்டிருந்தால் ஆறு கொடுத்திருப்பேன். அந்த ஆறு என்ற எண், பின்னால் அந்த ஆல்பத்தை மீண்டும் எடுக்கவே விட்டிருக்காது. "பிடிபடவில்லை" என்று எழுதியதால் திரும்பிப் போனேன்.

குறிப்பேட்டின் ஓரத்தில் இன்னொரு கணக்கும் வேண்டும். ஒரு ஆல்பத்தை மறுபடி கேட்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். மதிப்பீட்டுக்காகக் கடமையாகக் கேட்டதற்கு ஒரு நிறம், ஆசைப்பட்டுக் கேட்டதற்கு வேறு நிறம். டிசம்பரில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் மிக நேர்மையான சாட்சி இந்த இரண்டாம் நிறக் கோடுகள்தான். அவற்றை ஏமாற்ற முடியாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன்.

கேட்கும் முறை

ஒரு ஆல்பத்தைப் பட்டியலுக்குப் பரிசீலிக்குமுன் குறைந்தது மூன்று முறையாவது முழுமையாகக் கேட்க வேண்டும், அதுவும் மூன்று விதமாக.

முதல் முறை, தொடக்கத்திலிருந்து இறுதிவரை, பாடல்களின் வரிசை மாறாமல், இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். மெட்டல் இன்னமும் ஆல்பத்தை முழு வடிவமாகக் கருதும் இசை. தனிப்பாடலாக முன்கூட்டியே வந்த ஒன்றை இருபது முறை கேட்டுவிட்டு, மீதியை மேலோட்டமாகத் தாண்டிச் செல்பவர், அந்த ஒரு பாடலுக்குத்தான் இடம் கொடுக்கிறார். ஓபெத்தின் 2024ஆம் ஆண்டு ஆல்பமான 'த லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. முதல் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் ஒரு செல்வந்தரின் உயில் வாசிக்கப்படுவதே அதன் கதை. கடைசிப் பாடலைத் தவிர மற்றவற்றுக்குப் பெயரே கிடையாது, உயிலின் பத்திகளைப் போல எண்கள் மட்டுமே உண்டு. அதிலிருந்து ஒரு பாடலை மட்டும் உருவிக் கேட்பது, உயிலில் ஒரு பத்தியை மட்டும் படித்துவிட்டு யாருக்கு என்ன கிடைத்தது என்று ஊகிப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாம் முறை, பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். உறுமல் குரலில் சொற்கள் புரியாது என்று வரிகளையே ஒதுக்கிவிடுபவர்கள் நிறைய. மேலே சொன்ன ஓபெத் ஆல்பத்தில், 2008இல் வந்த 'வாட்டர்ஷெட்'டுக்குப் பிறகு முதன்முறையாகக் குழுவின் பாடகர் மிகேல் ஆக்கர்ஃபெல்ட் உறுமல் குரலுக்குத் திரும்பினார். அது பலருக்கு மகிழ்ச்சிச் செய்தியாக மட்டுமே இருந்தது. வரிகளோடு கேட்டால்தான் இறந்தவரின் அதிகாரம் எந்த இடத்தில் அந்தக் குரலாக வெளிப்படுகிறது, எந்த இடத்தில் தெளிந்த குரல் நுழைகிறது, ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் உயிலை வாசிக்கும் குரலாக ஏன் வந்து அமர்கிறார் என்பதெல்லாம் விளங்கும். குரல் மாற்றம் கதைக்கு வேலை செய்கிறதா, அல்லது ரசிகரை மகிழ்விக்க மட்டும் வந்ததா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி அதற்குப் பிறகே வருகிறது.

மூன்றாம் முறைக்கு இடைவெளி தேவை. இரண்டு வாரங்கள் குறைந்த அளவு; ஒரு மாதம் இன்னும் நல்லது. அந்த இடைவெளியில் ஏதேனும் ஒரு ரிஃப், அதாவது கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் குறுந்தொடர், தானாக மனத்தில் வந்து ஓடியதா என்று பாருங்கள். நடக்கும்போது காலடி அந்தத் தாளத்திற்கு இசைந்ததா? அப்படி வந்திருந்தால் அதையும் தேதியோடு எழுதிவையுங்கள். கார்கட்ஸ் குழுவின் 'அப்ஸ்க்யூரா' 1998இல் வெளிவந்தபோது அதன் கோணலான கிட்டார் ஒலிகள் டெத் மெட்டல் ரசிகர்கள் பலரையே குழப்பின. இன்று அந்த வகையின் அடித்தளங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். முதல் கேட்பிலேயே முடிவெழுதும் பழக்கம் உள்ளவருக்கு இத்தகைய ஆல்பங்கள் என்றுமே அகப்படாது.

கேட்கும் கருவி பற்றியும் சில சொற்கள். விலையுயர்ந்த சாதனம் தேவையில்லை. ஆனால் எல்லா ஆல்பங்களையும் ஒரே சாதனத்தில், ஏறக்குறைய ஒரே ஒலியளவில் கேட்பது தேவை. உரக்க ஒலிப்பது சிறப்பாக ஒலிப்பதாகக் காதுக்குத் தோன்றும். இது மனிதக் காதின் இயல்பு. இசைத்துறையில் ஒருவரையொருவர் மிஞ்சி உரக்கப் பதிவு செய்த போட்டிக்கு இதுவே காரணம். மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னடிக்' 2008இல் வந்தபோது அதன் ஒலி அளவுக்கு மீறி நெரிக்கப்பட்டு, உச்சங்கள் உடைந்து கரகரத்தன. அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' விளையாட்டில் அவ்வளவு நெரிக்கப்படாமல் வந்திருந்ததால், ரசிகர்கள் பலர் விளையாட்டிலிருந்து எடுத்த பதிவையே விரும்பிக் கேட்டார்கள். எனவே உரத்த ஆல்பத்தின் ஒலியளவைச் சற்றுக் குறைத்தும், அடங்கிய ஆல்பத்தின் ஒலியளவைச் சற்றுக் கூட்டியும் சமப்படுத்திவிட்டு ஒப்பிடுங்கள். நான் இதைச் செய்த முதல் ஆண்டில் ஐந்தாம் இடத்தில் இருந்த ஒரு ஆல்பம் பட்டியலைவிட்டே வெளியேறியது.

ஒலிப்பதிவின் தரத்தை எடைபோடும்போது, அது குறையா, நோக்கமா என்று பிரித்தறிய வேண்டும். அதே மெட்டாலிக்காவின் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' 1988இல் வந்தது. அதில் பேஸ் கிட்டார் கிட்டத்தட்டக் கேட்கவே கேட்காது. பாடல்கள் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அதை என்னால் குறையாகவே கருத முடிகிறது. டார்க்த்ரோனின் 1994ஆம் ஆண்டு ஆல்பமான 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' நான்கு தடப் பதிவுக் கருவியில் உருவானது; மெலிந்து, குளிர்ந்து, தூரத்திலிருந்து வரும் ஒலி. அந்த ஒலியைத் துலக்கிப் பெருக்கினால் அந்த ஆல்பமே கலைந்துவிடும். மலிவான ஒலி என்று இரண்டையும் ஒரே வார்த்தையில் அடக்குபவருக்குப் பிளாக் மெட்டலைப் பற்றிப் பேச இன்னும் சில ஆண்டுகள் ஆகும்.

வேறுவேறு வகைகளை எப்படி ஒப்பிடுவது

மெட்டல் பட்டியலில் உள்ள பெரிய சங்கடம் இதுதான். த்ராஷ், டெத், பிளாக், டூம், பவர் என்று கிளைகள் பல. ஒன்றின் இலக்கணம் மற்றொன்றுக்குப் பிழை. ஸ்லேயர் அரை மணி நேரத்திற்குள் முடித்துக்கொள்வதும், பெல் விட்ச் 2017இல் 'மிரர் ரீப்பர்' என்ற ஆல்பத்தை 83 நிமிட ஒற்றைப் பாடலாக அமைத்ததும் இரண்டுமே சரிதான். முன்னதில் ஒரு நொடிகூட வீணாகாமல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பின்னதில், ஒரு ஒலி முழங்கி அடங்கும்வரை காத்திருக்கும் பொறுமையை இசை நம்மிடம் ஈட்டிக்கொண்டதா என்று கேட்க வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு ஆல்பத்திடமும் முதலில், "நீ என்ன செய்யக் கிளம்பினாய்?" என்று கேட்கிறேன். அதற்கடுத்து, கிளம்பிய காரியம் நடந்ததா என்று பார்க்கிறேன். நடந்திருந்தால், அது செய்யத் தகுந்த காரியந்தானா என்பது மூன்றாவது கேள்வி. தொண்ணூறுகளின் சுவீடன் டெத் மெட்டல் ஒலியை அப்படியே மறுபடி எழுப்ப நினைத்து, அதில் முழு வெற்றி பெறும் ஆல்பங்கள் ஆண்டுதோறும் வருகின்றன. இரண்டு கேள்விகளில் அவை தேறிவிடும். மூன்றாவதில் பெரும்பாலும் தயங்கி நிற்கும். என்டூம்ட் குழு 1990இல் 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' ஆல்பத்தில், பாஸ் எச்எம்-2 என்ற, ஒலியை முறுக்கும் பெடல் வழியே கிட்டாரை ரம்பம்போல் அறுக்க வைத்தது அப்போது புதிது. இன்று அந்தப் பெடலை மிதிக்கும் குழு, ஒலிக்கு மேல் தன் பங்காக ஒரு நல்ல பாடலையாவது கொண்டுவர வேண்டும்.

ரிஃப் என்பதைப் பற்றி நான் சற்றுப் பிடிவாதக்காரன். இந்த இசையின் உயிர் அதில்தான் இருக்கிறது. பிளாக் சப்பாத்தின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி இளம் வயதில் தகடு வெட்டும் தொழிற்சாலை விபத்தில் வலக்கையின் இரண்டு விரல்நுனிகளை இழந்தார். விரல்களுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு, மெல்லிய தந்திகளைப் பூட்டி வாசித்தார். 1971ஆம் ஆண்டின் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் கிட்டாரின் சுருதியை மூன்று அரைச்சுரங்கள் இறக்கினார். தந்தியின் இறுக்கம் தளர்ந்தது, ஒலி கனத்தது. அதன்பின் வந்தவர்கள் சுருதியை மேலும் மேலும் இறக்கிக்கொண்டே போனார்கள். ஆனால் சுருதி இறங்கியதால் மட்டும் கனம் வந்துவிடாது. ரிஃப் எங்கே மூச்சு விடுகிறது, டிரம்ஸ் அதோடு எங்கே சேர்கிறது, எங்கே வேண்டுமென்றே விலகுகிறது என்பதில்தான் கனம் பிறக்கிறது. ஆல்பத்தில் மனத்தில் நிற்கும் ரிஃப்களை, ஒலியை நிறுத்திவிட்டு வாயால் முனகிப் பாருங்கள். மூன்றாவது முறை கேட்ட பிறகும் ஒன்றுகூட வரவில்லையென்றால் எனக்கு அந்த ஆல்பத்தின் மீது சந்தேகம் வந்துவிடும். அல்சரேட் போன்றவர்களுக்கு மட்டும் இதில் சலுகை உண்டு. அவர்களிடம் ரிஃப் தனியாகக் கழன்று வராது, முழு அலையாகத்தான் வரும்.

நீளத்தையும் கேள்விக்கு உட்படுத்துங்கள். ஒரு மணி நேரத்தைத் தாண்டும் ஆல்பங்கள் இப்போது சகஜமாகிவிட்டன. மெட்டாலிக்காவின் '72 சீசன்ஸ்' 2023இல் 77 நிமிடங்கள் ஓடியது. அதன் இறுதியில் வரும் 11 நிமிடப் பாடலான 'இனமொராட்டா'வை அடையும்முன் நான் ஒவ்வொரு முறையும் சோர்ந்துவிட்டேன் என்பதைக் குறிப்புகள் காட்டின. இந்த ஆல்பத்தில் எந்த மூன்று பாடல்களை எடுத்தால் மீதி பலப்படும் என்று கேட்டுப் பார்க்கலாம். விடை உடனே வந்துவிட்டால் அந்த ஆல்பம் முதல் ஐந்துக்குள் வரக் கூடாது.

கால் இடறும் இடங்கள்

அண்மையில் கேட்டது பெரிதாகத் தெரியும். சாக்ஸன் குழுவின் 'ஹெல், ஃபயர் அண்ட் டேம்னேஷன்' 2024 ஜனவரி 19 அன்று வந்தது. ஓபெத் ஆல்பம் அதே ஆண்டு நவம்பர் 22 அன்று வந்தது. டிசம்பரில் பட்டியல் எழுதுபவருக்கு முன்னது போன ஆண்டுச் செய்தியாகவும் பின்னது புத்தம் புதிதாகவும் தோன்றும். மருந்து ஒன்றுதான்: டிசம்பர் முதல் வாரத்தில், ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் கேட்டவற்றிலிருந்து சிறந்த ஐந்தை மீண்டும் கேளுங்கள். நவம்பரில் வந்ததற்கு எதிர்த்திசையில் ஒரு விதி வைத்திருக்கிறேன். ஐந்து முறைக்குக் குறைவாகக் கேட்ட ஆல்பத்தை முதல் மூன்று இடங்களில் அமர்த்துவதில்லை.

மூத்தவர்கள் மீதான மரியாதை இன்னொரு கண்ணி. ஜூடாஸ் பிரீஸ்ட் 2024இல் 'இன்வின்சிபிள் ஷீல்ட்'டை வெளியிட்டபோது பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்கு வயது 72. அந்த வயதில் அந்த உச்சக் குரல் வருவது வியப்புதான். ஆனால் வியப்பு வேறு, விருப்பம் வேறு. குழுவின் பெயரை மறந்துவிட்டு, முப்பது வயதுக்காரர்கள் ஐவரின் முதல் ஆல்பம் இது என்று கற்பனை செய்துகொண்டு கேட்டேன். முதல் பாடலான 'பேனிக் அட்டாக்' அப்போதும் தன் காலில் நின்றது; இரண்டாம் பாதியில் ஓரிரு பாடல்கள் தடுமாறின. மரியாதையைக் கழித்த பிறகும் மிச்சம் நிறைய இருந்ததால் அதற்கு என் பட்டியலில் நல்ல இடம் கிடைத்தது.

பிறருடைய பட்டியல்களைப் படிப்பதை உங்கள் பட்டியல் முடியும்வரை ஒத்திப்போடுங்கள். பத்திரிகைகள் பல, டிசம்பர் தொடங்கும்முன்பே தேர்வை முடித்துவிடுகின்றன. டிசம்பரில் வரும் ஆல்பங்கள் அங்கே இடம்பெறாமல் போவதற்கு அதுவே காரணம். உங்களுக்கு அந்த அச்சுக் கெடு கிடையாது. அட்டைப்பட மயக்கத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, ஏனெனில் நானே இன்னும் அதிலிருந்து தேறவில்லை.

பத்தாகக் குறைப்பது

டிசம்பர் நடுவில், குறிப்பேட்டை விரித்து, ஆசைப்பட்டுக் கேட்ட கோடுகள் மூன்றுக்கு மேல் உள்ள ஆல்பங்களை மட்டும் தனித்தாளில் எழுதுங்கள். வழக்கமாக இருபதிலிருந்து முப்பது வரை வரும். அவற்றை நேரடியாக ஒன்று முதல் பத்து வரை அடுக்க முயல வேண்டாம். இரண்டிரண்டாக எடுத்து, "இன்றிரவு ஒன்றைத்தான் கேட்கலாம் என்றால் எது?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். தோற்றது கீழே போகட்டும். இந்தக் கேள்விக்கு உடல் சொல்லும் விடை, நாம் யோசித்துச் சொல்லும் விடைக்குமுன் வந்துவிடும், அதையே எழுதுங்கள்.

2024இல் என் கடைசிப் போட்டி, அல்சரேட்டுக்கும் பிளட் இன்காண்டேஷனின் 'ஆப்ஸல்யூட் எல்ஸ்வேர்' ஆல்பத்துக்கும் இடையே நடந்தது. இரண்டாவது அக்டோபர் 4 அன்று வெளிவந்தது. முக்கால் மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவு. 'த ஸ்டார்கேட்', 'த மெசேஜ்' என்று இரண்டே நெடும்பாடல்கள். ஒவ்வொன்றும் மூன்று பலகைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பெர்லினின் ஹான்சா ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. 'த ஸ்டார்கேட்'டின் இரண்டாம் பலகையில், மின்னணு இசைக் குழுவான டேஞ்சரின் ட்ரீமின் தோர்ஸ்டன் குவேஷ்னிங் வந்து சேர்கிறார். டெத் மெட்டலின் இடிபாடுகள் ஒதுங்கி, சின்தசைசர் மெல்லத் துடித்துக்கொண்டே போகும். முதல் முறை கேட்டபோது இதை ஒட்டுவேலை என்று எழுதியிருந்தேன். நான்காவது முறை கேட்டபோதுதான், மெல்லிய பகுதியில் மிதந்து வரும் சாயல் பின்னால் கனத்த பகுதிக்குள்ளும் புகுந்துகொள்வது காதில் பட்டது. ஒட்டு தெரியவில்லை, ஒரே துணியாக இருந்தது. அல்சரேட் ஆல்பத்தில் அப்படிப்பட்ட திடீர் வெளிச்சம் எதுவும் இல்லை. ஏழு பாடல்களும் ஒரே புயலின் ஏழு பக்கங்கள். எதன் கலை உயர்ந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. கோடுகளை எண்ணினேன்: அல்சரேட்டுக்கு ஒன்பது, ஜூனிலிருந்து, பிளட் இன்காண்டேஷனுக்குப் பதினொன்று, அக்டோபரிலிருந்து. அத்தோடு முதல் இடம் தீர்ந்தது.

முதல் மூன்று இடங்களுக்குக் கீழே உள்ள வரிசையைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். ஆறாவதும் ஏழாவதும் நாளைக்கே இடம் மாறும். ஆனால் பத்தாவது இடத்தையும் பதினொன்றாவது இடத்தையும் பொறுமையாகத் தீர்மானியுங்கள், ஏனெனில் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. அங்கே ஐயம் வந்தால், குறைவாக அறியப்பட்ட குழுவுக்கு இடம் கொடுப்பது என் வழக்கம். பட்டியலைப் படிப்பவருக்கு அதனால் ஒரு புதிய பெயராவது கிடைக்கும்.

காரணத்தை எழுதுவது

ஒவ்வொரு ஆல்பத்துக்கும் நான்கைந்து வரிகள் எழுதுங்கள். "அதிரடியான, வெறித்தனமான, பிரம்மாண்டமான ஆல்பம்" என்று எழுதினால் அது எந்த ஆல்பத்துக்கும் பொருந்தும். அந்த வரியை அடித்துவிடுங்கள். "மூன்றாவது பாடலின் நடுவில் டிரம்ஸ் முழுவதும் நின்று, கிட்டார் மட்டும் நான்கு சுற்று வந்தபின், எல்லாம் ஒன்றாக விழும் இடத்தில் நான் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டேன்" என்று எழுதினால் அது ஒரே ஆல்பத்துக்குத்தான் பொருந்தும். குறிப்பேட்டில் நெஞ்சில் ஒட்டிய இடத்தை எழுதிவைக்கச் சொன்னதன் பயன் இங்கே கிடைக்கிறது. வரிகளில் பாதி அங்கேயே தயாராக இருக்கும். ஆல்பத்தின் குறையையும் ஒரு வரியில் சொல்லுங்கள். துணை வகைப் பெயர்களை மூன்று, நான்கு என்று அடுக்குவதைத் தவிருங்கள். ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு.

எழுதி முடித்ததும் தேதியிட்டு வையுங்கள். பிறகு அதில் கைவைக்காதீர்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் ஏதோ ஒரு ஆல்பம் தாமதமாகக் காதில் விழும், இதை எப்படித் தவறவிட்டோம் என்று தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். அதற்காகவே பட்டியலுக்கு அடுத்த பக்கத்தை வெறுமையாக விட்டுவைக்கிறேன். தவறவிட்டவற்றை, கேட்ட தேதியோடு அங்கே எழுதுவேன். சில ஆண்டுகளில் அந்தப் பக்கம் நிறைந்து, அதற்கும் ஒரு தாளை ஒட்ட வேண்டியிருந்திருக்கிறது.